சிவப்புப் பலகை இல்லாத சோதனை ஓட்டம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலை ஒரகடத்தைத் தொடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால், மேனி முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டிய கார் ஒன்று கடந்து போவதைப் பார்க்க வாய்ப்புண்டு. சந்தைக்கு வராத வண்டி அது. வடிவத்தை மறைக்கத்தான் அந்தச் சுழிகள். அதே வண்டியில் மறைக்க அனுமதி இல்லாத ஒன்றும் இருக்கிறது: சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதிய எண் பலகை. பதிவாகாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டத் தரப்படும் வணிகச் சான்றிதழின் அடையாளம் அது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்தக் காரின் எஞ்சினைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. இது இன்னும் பதிவாகாத வண்டி, சற்றுத் தள்ளியே போவோம் என்று தோன்றினால் போதும். உள்ளே ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் நிலை வேறு. எந்தப் பாகம் புதியது, எதைக் கவனிக்க வேண்டும், எதை எங்கே எழுதி வைக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே அவருக்குச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டத்தால் பயனில்லை. மென்பொருள் உலகில் இதற்கு ஒப்பான ஓட்டத்தைப் பீட்டா வெளியீடு என்கிறார்கள். அங்கே சட்டம் கேட்கும் பலகை கிடையாது. ஓட்டுபவருக்குச் சொல்லும் வழக்கமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தை எல்லோரும் காராலும் கைப்பேசியாலும் அடையாளம் காண்கிறார்கள். அந்தக் காருக்கும் கைப்பேசிக்கும் அடியில் காகிதத்தால் ஆன இன்னொரு தொழிற்சாலை இருக்கிறது. ஒவ்வொரு லைனிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிராயிங், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிவிஷன் நம்பர். ஐஎஸ்ஓ 9001 தரச்சான்று வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தன் ஆவணங்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதாக நிரூபிக்க வேண்டும். காலாவதியான தாள் தவறிப்போய்ப் பயன்பாட்டுக்கு வந்துவிடக் கூடாது. வாகனத் துறைக்கென 2016இல் வந்த ஐஏடிஎஃப் 16949 இன்னும் ஒரு படி மேலே போகிறது: உற்பத்தி முறையில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்து, சரிபார், வாடிக்கையாளர் கேட்டிருந்தால் அமல்படுத்தும் முன்பே அவருக்குத் தெரிவி என்கிறது. இதற்கெல்லாம் முன்பு இருந்த கருவி ஒரு சிவப்பு முத்திரை, ஒரு பதிவேடு, ஒரு அலமாரி. இப்போது அந்த இடத்தை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் பிடித்து வருகிறது. எழுதுவது, திருத்துவது, ஒப்புதல் தருவது, வெளியிடுவது, பழையதை ஒதுக்குவது எல்லாம் ஒரே திரையில். செய்தித்தாளின் இணையப் பக்கத்தையும் கோயில் அறக்கட்டளையின் தளத்தையும் நடத்துகிற அதே வகை மென்பொருள்தான் இது. இங்கே அதில் ஏறுவது செய்தி இல்லை, திருகாணியை எத்தனை முறுக்கு முறுக்க வேண்டும் என்கிற கட்டளை.

அப்படிப்பட்ட மென்பொருளின் சோதனைப் பதிப்பு வெளியாகும்போது பயனருக்கு எதை, எப்போது, எந்த மொழியில், யார் சொல்ல வேண்டும்? பெரும்பாலும் இந்தக் கேள்வியை மரியாதை சார்ந்ததாகவோ விளம்பரம் சார்ந்ததாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். ‘வாடிக்கையாளரைக் கையோடு அழைத்துப் போக வேண்டும்’ என்பார்கள். என் வாதம் அதைவிடக் கறாரானது. பயனருக்குச் சொல்வது சோதனையின் ஒரு உறுப்பு. சொல்லாமல் நடத்திய சோதனையிலிருந்து வரும் முடிவு தப்பான முடிவு. அதை வைத்து மென்பொருளைத் திருத்துபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு திருத்துகிறார்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். நிறுவனத்துக்குள் சோதிப்பது ஆல்ஃபா, வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பது பீட்டா என்பது பழைய இலக்கணம். அதைக் குலைத்ததில் ஜிமெயிலுக்குப் பெரிய பங்குண்டு. 2004 ஏப்ரல் 1 அன்று வந்த அந்தச் சேவை, 2009 ஜூலை வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தன் பெயரடியில் பீட்டா என்ற சொல்லைச் சுமந்து திரிந்தது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் புழங்கிய அஞ்சல் பெட்டி ஐந்து ஆண்டுகளாகச் சோதனையில் இருந்தது என்றால், சோதனை என்பதற்குப் பொருள் என்ன? எந்நேரமும் அடிக்கும் மணியை யாரும் கேட்பதில்லை. பீட்டா என்று ஒட்டிவிட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக இன்று பல நிறுவனங்கள் நினைப்பதற்கு அந்த ஐந்து ஆண்டுப் பழக்கமும் ஒரு காரணம். பயனருக்கு வேண்டியது அந்தச் சொல் இல்லை. நேற்றுவரை இருந்ததில் எது மாறியிருக்கிறது, எது உடையக்கூடும், நான் உள்ளே ஏற்றிய எழுத்து பத்திரமாக இருக்குமா, பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப வழி உண்டா, அந்த வழி எந்தத் தேதிவரை திறந்திருக்கும் என்பவைதான் அவர் கேள்விகள்.

இவற்றில் எழுத்து பத்திரமாக இருக்குமா என்ற கேள்வி உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்கே உரிய கனம் கொண்டது. ஒரு விளையாட்டுச் செயலியின் பீட்டா கெட்டால் அதை நீக்கிவிடலாம். ஆவணங்களைத் தாங்கும் மென்பொருள் வீடு மாதிரி. ஆவணங்கள் அதில் குடியிருப்பவை. வீட்டை இடித்துக் கட்டும்போது குடியிருப்பவர் உள்ளேயே இருக்கிறார். வேர்ட்பிரஸ்ஸின் கதை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. உலகில் மிக அதிகமான இணையதளங்களைத் தாங்கும் அந்த மென்பொருள், 2018 டிசம்பர் 6 அன்று வந்த 5.0 பதிப்பில் தன் எழுது திரையையே மாற்றியது. குட்டன்பெர்க் என்று பெயரிட்ட புதிய எழுதி, ஒரு கட்டுரையைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் எல்லையையும் எழுத்தோடு எழுத்தாகக் குறிப்புகளாகச் சேமித்தது. அதாவது திரை மட்டும் மாறவில்லை, சேமித்து வைத்த சரக்கின் உள் அமைப்பும் மாறியது. அதில் எழுதியதைப் பழைய எழுதியின் குறியீட்டுப் பார்வையில் திறந்தால் அந்தக் குறிப்புகள் இடையிடையே தலைகாட்டும்.

அந்த வெளியீட்டில் மெச்ச வேண்டியதும் இருந்தது, கண்டிக்க வேண்டியதும் இருந்தது. மெச்ச வேண்டியது 2018 ஆகஸ்டில் வந்த 4.9.8 பதிப்பு. அதில் தளத்தை நிர்வகிப்பவரின் முகப்புத் திரையிலேயே ஒரு கட்டம் தோன்றியது: புதிய எழுதி வரப்போகிறது, இப்போதே சோதித்துப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் பழைய எழுதியைத் தக்கவைத்துக்கொள்ள இந்த இணைப்பை நிறுவிக்கொள்ளுங்கள். செய்தி பயனரைத் தேடி வந்தது. அவர் வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் நேரத்தில், திரும்பும் வழியையும் கூடவே கொண்டு வந்தது. பழைய எழுதியை 2021 இறுதிவரை ஆதரிப்போம் என்று தேதி போட்டுச் சொன்னார்கள். பிறகு அதையும் நீட்டித்தார்கள். கண்டிக்க வேண்டியது வெளியீட்டு நாள். முதலில் நவம்பர் 19 என்றார்கள், பிறகு 27 என்றார்கள், அதுவும் தள்ளிப்போய், கடைசியில் டிசம்பர் 6 என்ற தேதி மூன்று நாள் இடைவெளியில் அறிவிக்கப்பட்டது. மறுநாள் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வேர்ட்பிரஸ் ஆர்வலர்களின் ஆண்டுக் கூடுகை தொடங்கவிருந்தது. அதற்குள் வெளியிட்டுவிடத் துடித்தார்கள் என்று பலர் குறைபட்டார்கள். என்ன வரப்போகிறது என்பதை நான்கு மாதம் முன்பே சொன்னவர்கள், எப்போது வரும் என்பதை மூன்று நாளில் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் தளங்களைப் பராமரிக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு, எப்போது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி.

விக்கிப்பீடியாவின் அனுபவம் ஐந்து ஆண்டு மூத்தது, இன்னும் கசப்பானது. குறியீடுகள் தெரியாதவரும் நேரடியாக எழுதட்டும் என்று விக்கிமீடியா அறக்கட்டளை உருவாக்கிய காட்சித் திருத்தி, 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குள்ள பயனர் எல்லோருக்கும் இயல்பாகத் திறக்கும்படி வைக்கப்பட்டது. பீட்டா என்ற சொல் அதன் மேலும் இருந்தது. மெதுவாக இயங்கியது, வார்ப்புருக்களைக் கையாளத் திணறியது, பயனர் இடாத குறிகளைக் கட்டுரைக்குள் தானே செருகியது. செப்டம்பர் இறுதிக்குள் தன்னார்வலர்களே தலையிட்டு, விரும்பியவர் மட்டும் தேர்ந்துகொள்ளும் வசதியாக அதைச் சுருக்கிவிட்டார்கள். நல்ல கருவிதான், பல திருத்தங்களுக்குப் பிறகு இன்று பல மொழி விக்கிப்பீடியாக்களில் அது புழக்கத்தில் இருக்கிறது. அன்று அதைத் தோற்கடித்ததில் வழுக்களுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அறிவித்த முறைக்கும் உண்டு என்பது என் கணிப்பு. அறக்கட்டளையும் அப்படித்தான் புரிந்துகொண்டது போலும். அதே ஆண்டு நவம்பரில் சோதனை அம்சங்களுக்கென்றே பயனரின் விருப்பத்தேர்வுகளில் ஒரு பகுதி வந்தது. ஒவ்வொரு அம்சத்துக்கும் என்ன செய்யும் என்று ஒரு சிறு விளக்கம், மேலும் அறிய ஒரு சுட்டி, குறை சொல்ல ஒரு சுட்டி. வேண்டுமென்றால் குறியிடு, வேண்டாமென்றால் குறியை எடு. எளிய ஏற்பாடு. சிவப்புப் பலகைக்கு மென்பொருளில் நான் அறிந்த நெருங்கிய உறவினர் இதுதான்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். ஒரு தொழிற்சாலை, புதிய சப்ளையரின் ரப்பர் வளையத்தை நூறு பாகங்களில் பொருத்திப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறுக்கும் ட்ரையல் லாட் என்று சீட்டு கட்டுவார்கள். லைன் ஓரத்தில் இருக்கும் ஃபோர் எம் பலகையில், ஆள், இயந்திரம், பொருள், முறை என்ற நான்கில் பொருள் மாறியிருக்கிறது என்று எழுதுவார்கள். இதைச் செய்வது லைனில் நிற்பவரின் மனம் குளிர்வதற்காக இல்லை. சீட்டு இல்லாமல் அந்த நூறு மற்றவற்றோடு கலந்துவிட்டால், கசிவு ஒன்று தெரியும்போது அது வளையத்தால் வந்ததா, அச்சால் வந்ததா, ஆளால் வந்ததா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சோதனையே வீண். மென்பொருளிலும் இதுதான் நடக்கிறது. திரை மாறியது தெரியாத பயனர், சேமித்த ஆவணம் காணவில்லை என்றால் தன் கைத்தவறு என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை ஏற்றுவார். அல்லது பழைய பிரதியைத் தன் பென் டிரைவில் வைத்துக்கொண்டு அதையே அச்செடுப்பார். மனிதர் கெட்டிக்காரர், எந்தச் சுவரிலும் ஒரு சந்து கண்டுபிடிப்பார். அவர் புகார் எழுத மாட்டார், ஏனென்றால் புகார் எழுத வேண்டிய காலம் இது என்றே அவருக்குத் தெரியாது. அங்கே சென்னையிலோ பெங்களூரிலோ அமர்ந்து புகார்ப் பெட்டியைத் திறந்து பார்க்கும் மென்பொருள் குழு, பெட்டி காலியாக இருப்பதைக் கண்டு வெளியீடு சுமுகம் என்று அறிக்கை எழுதும். மௌனத்தைச் சம்மதமாகப் படிப்பது கல்யாணத்தில் வேண்டுமானால் செல்லும்.

தமிழ் எழுத்து விஷயத்தில் இந்த மௌனம் மிக ஆபத்தானது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சோதித்து முடித்த மென்பொருளில் தமிழ் எங்கே உடையும் என்பது சோதித்தவருக்குத் தெரியாது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம் பிடித்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு அலுவலகங்கள் நெடுங்காலம் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தன. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தந்தது. 2010இல்தான் மாநில அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தையும் தன் தரமாக அறிவித்தது. பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம் உண்மையில் ஆங்கில எழுத்துக் குறிகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத புதிய மென்பொருளில் ஏற்றினால் போர்வை விலகி, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். அது கண்ணுக்குத் தெரியும் கேடு, எனவே பெரிய கேடில்லை. கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று உண்டு. ‘கோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்பது யூனிகோடின் விதி. அந்த விதிப்படி சமன்செய்ய மறந்த தேடல் வசதிக்கு அவை வேறு வேறு சொற்கள். அப்படி ஒரு பதிப்பில், யூனிகோடுக்கு மாற்றும் கருவி இப்படிப் பிரித்து எழுதிய பழைய ஆவணங்களுக்குள் ‘கோளாறு’ என்று தேடினால், கோளாறு எதுவும் இல்லை என்று மென்பொருள் பதில் சொல்லும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஔவையார் பாதித் தளங்களில் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

இந்த வழுவைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? தமிழில் தேடுகிறவர் மட்டுமே. அவரிடம் போய், ‘இந்தப் பதிப்பில் பழைய ஆவணங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன, தேடி வராத சொல் இருந்தால் எழுதுங்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் பிடிபட்டிருக்கும். சொல்லாவிட்டால், அந்த ஆவணம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துப் புதிதாக ஒன்றை அடிப்பார். பிறகு ஒரே வேலைக்கு இரண்டு வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் உலவும். காலாவதித் தாள் லைனுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வாங்கிய மென்பொருள், காலாவதித் தாளைத் தானே உற்பத்தி செய்யும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதன்மையானது: ‘சொன்னால் யார் படிக்கிறார்கள்?’ நியாயமான கேள்விதான். வெளியீட்டுக் குறிப்பு என்ற பெயரில் நாற்பது வரிகள், அதில் முப்பத்தெட்டு பயனருக்குச் சம்பந்தமில்லாதவை, கடைசியில் ‘சில வழுக்கள் சரிசெய்யப்பட்டன’ என்று ஒரு வரி. அதைப் படிக்காதவர்மேல் பழியில்லை. ஆனால் குற்றம் சொன்னதில் இல்லை, சொன்ன விதத்தில் இருக்கிறது. ஒரகடம், வல்லம் வடகால், திருவொற்றியூர் என்று மூன்று இடங்களில் மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாதம் இக்னிஷன் காயில் குறைக்காக ஏறத்தாழ 2,37,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த அறிவிப்பில் மாடலின் பெயர் இருந்தது: மீட்டியார், கிளாசிக், புல்லட். எந்த மாதங்களில் செய்த வண்டிகள் என்பது இருந்தது. அறிகுறி இருந்தது: எஞ்சின் திக்கும், இழுவை குறையும், அபூர்வமாக மின்கசிவு நேரலாம். பத்தில் ஒன்றுக்கும் குறைவான வண்டிகளுக்கே பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடும் இருந்தது. புல்லட் வைத்திருப்பவர் அதை ஒருமுறை படித்தால், இது எனக்கா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இது விற்பனைக்கு வந்துவிட்ட பொருளின் திரும்ப அழைப்பு, பீட்டா வேறு என்று சிலர் பிரிக்கலாம். பிரிவு சரி, அறிவிப்பின் இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே. யாருக்கு, எந்தத் தொகுதிக்கு, என்ன அறிகுறி, என்ன செய்ய வேண்டும். வாகனத்துக்கு இதைச் சட்டமும் கேட்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் திரும்ப அழைப்பு விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. மென்பொருளுக்கு அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை.

அடுத்த மறுப்பு வணிகத் தரப்பிலிருந்து வருகிறது. குறைகளைப் பட்டியலிட்டு அச்சடித்துக் கொடுத்தால் போட்டியாளன் அதைத் தூக்கிக்கொண்டு அதே வாடிக்கையாளரிடம் போய் நிற்பான் என்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன காரையே மறுபடி பாருங்கள். சுழிகள் ஒட்டியது வழிப்போக்கருக்காக. ஸ்டியரிங் முன்னால் இருக்கும் கண்ணாடியில் யாரும் சுழிகளை ஒட்டுவதில்லை. பீட்டா பயனர் வழிப்போக்கர் இல்லை, ஓட்டுநர். அவரிடம் மறைப்பதும் போட்டியாளனிடம் மறைப்பதும் ஒன்று என்று நினைப்பதுதான் இந்த மறுப்பின் அடிப்படைப் பிழை. தவிர, இந்த வட்டாரத்தின் உதிரிபாக நிறுவனங்கள் தங்கள் குறைகளை வாடிக்கையாளரான கார் நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புக்கொண்டு, திருத்த நடவடிக்கையையும் எழுதிக் கொடுத்தே வியாபாரத்தைத் தக்கவைத்துக்கொள்கின்றன. மறைத்தது பிடிபட்டால்தான் ஆர்டர் போகும்.

‘பீட்டாவில் சேர்ந்தவர் தெரிந்தே சேர்ந்தவர், அபாயம் அவருடையது’ என்று சொல்பவர்களும் உண்டு. தனி மனிதர் தன் கைப்பேசியில் ஒரு செயலியின் பீட்டாவை இறக்கிக்கொண்டால் இது பொருந்தும். தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஐ.டி. மேலாளர், ஒப்புதல் தந்தவர் தரப்பிரிவுத் தலைவர், திரையைத் தொடுகிறவர் மூன்று மாதம் முன்பு சேர்ந்த ட்ரெய்னி. சம்மதம் மேலே, விளைவு கீழே. அரசின் மென்பொருளில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. வருமான வரித் துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7 அன்று திறந்தது. இன்ஃபோசிஸ் உருவாக்கியது. அதற்கு முந்தைய ஆறு நாட்கள், ஜூன் 1 முதல் 6 வரை, பழைய தளம் மூடப்பட்டிருந்தது. புதியது வந்த பிறகு திரும்பிப் போகப் பழையது இல்லை. அது பீட்டா என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் நாட்டின் வரி செலுத்துவோர் அனைவரும் மாதக்கணக்கில் அதைச் சோதித்துக்கொடுத்தார்கள். ஆகஸ்ட் 23 அன்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சர் நேரில் அழைத்து விளக்கம் கேட்கும் நிலை வந்தது. தனிநபர் கணக்குத் தாக்கலின் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அந்த மாதங்களில் ஆடிட்டர் அலுவலகங்கள் தவித்த தவிப்பில் பாதி, தளம் வேலை செய்யாததால் வந்தது. மறுபாதி, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எது எப்போது சரியாகும் என்று நம்பத்தக்க பட்டியல் ஒன்று கையில் இல்லாததால் வந்தது.

சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பும் என்பதை ஸ்ரீபெரும்புதூருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று உடன் வேலை செய்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு கைப்பேசிகளில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தார்கள். இறப்பு எதுவும் நேரவில்லை. விடுதிகளின் நிலையும் சாப்பாட்டின் தரமும் அந்தப் போராட்டத்தின் உண்மையான காரணங்கள், அவற்றை வதந்தி என்று ஒதுக்க முடியாது. ஆனால் அந்த இரவை அவ்வளவு பெரிதாக்கியது தகவல் இல்லாமை. மனித உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் ஒரு மென்பொருளின் சோதனைப் பதிப்பையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. செய்தி எந்த வழியில் போகிறது என்பதை மட்டும் சுட்டுகிறேன். நிர்வாகத்தின் வழி மேலிருந்து கீழே, படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வடிகட்டப்பட்டு. தொழிலாளரின் வழி பக்கவாட்டில், வாட்ஸ்அப்பில், ஒரு நொடியில். அலுவலகத் திரையில் ஓர் ஆவணம் காணாமல்போனால், புது சிஸ்டம் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாம் என்ற பேச்சு கேண்டீனை அடைய ஒரு டீ நேரம் போதும். பிறகு வழு சரியானாலும் அந்த மென்பொருளை எவரும் நம்பி எதையும் ஏற்ற மாட்டார்கள்.

இதுவரை தொழிற்சாலையின் பழக்கத்தை மென்பொருளுக்கு முன்மாதிரியாகக் காட்டி வந்தேன். அது முழு உண்மை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ட்ரையல் லாட் சீட்டும் மாற்றப் பலகையும் கீழே போகும் செய்தியை நன்றாகவே சுமக்கின்றன. மேலே ஏற வேண்டிய செய்திக்கு அப்படி ஒரு வாகனம் பல இடங்களில் இல்லை. லைனில் நிற்பவர்களில் நிரந்தரப் பணியாளர் சிலர். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், அப்ரண்டிஸ், ட்ரெய்னி எனப் பலர். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ்த் தாளும் ஆங்கிலத் தாளும் ஒன்றுதான். ‘இந்தத் திரை தப்பாகக் காட்டுகிறது’ என்று ஓர் ஒப்பந்தத் தொழிலாளி சொன்னால் அது சூப்பர்வைசரைத் தாண்டிப் போகுமா, போனாலும் அவர் பெயருக்கு எதிராகவே குறிக்கப்படுமா என்ற பயம் இருக்கும் இடத்தில், எவ்வளவு அழகான பின்னூட்டப் பெட்டி வைத்தாலும் தூசிதான் சேரும். ஆகவே பயனருக்குத் தகவல் தருவது என்பதில், குறை சொன்னால் என்ன நடக்கும் என்ற தகவலும் சேர்த்தி. போன வாரம் வந்த புகார்கள் இவை, இவற்றில் இது சரியானது, இது சரியாகாது, காரணம் இது என்று திரும்பச் சொல்லும்போதுதான் அடுத்த புகார் வரும். விக்கிமீடியாவில் வாரந்தோறும் வெளியாகும் தொழில்நுட்பச் செய்தி மடல், அண்மையில் மாறியதையும் இனி மாறப்போவதையும் எளிய சொற்களில் எழுதி, தன்னார்வலர்களால் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுச் சமூகங்களின் பக்கங்களுக்கே போய்ச் சேர்கிறது. அதன் பலம் அழகில் இல்லை. வாரம் தவறாததில் இருக்கிறது.

சிறிய மென்பொருள் நிறுவனங்கள் இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்கும். அம்பத்தூரிலோ கிண்டியிலோ பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆவண மென்பொருள் செய்கிறவருக்கு, நிரல் எழுதுபவர்தான் பயிற்சி தருபவர், அவர்தான் தொலைபேசியை எடுப்பவர். ஆனால் இங்கே கேட்பது நிறைய எழுத்து இல்லை. ட்ருபால் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளின் உருவாக்குநர்கள் மாற்றப் பதிவு என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நிரலில் பிறரைப் பாதிக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு பக்கம்: முன்பு எப்படி, இப்போது எப்படி, யாரைப் பாதிக்கும். எட்டாம் பதிப்பின் பீட்டா 2014 அக்டோபர் முதல் 2015 அக்டோபர் வரை ஓராண்டு நீண்டபோது, அதோடு ஒத்து உழைத்தவர்களுக்குக் கைவிளக்காக இருந்தவை அந்தச் சிறு பக்கங்கள். மாற்றம் செய்தவரே அதைச் செய்த நாளில் எழுதினால் பத்து நிமிட வேலை. வெளியீட்டுக்கு முந்தின இரவு உட்கார்ந்து, என்னென்ன மாற்றினோம் என்று நினைவுபடுத்தி எழுதினால்தான் அது சுமை. நேரமில்லை என்ற மறுப்பு பெரும்பாலும் நேரம் தவறியதன் மறுபெயர்.

எந்த இடத்தில் சொல்வது என்பது கடைசியாக நிற்கும் சிக்கல், இந்த வட்டாரத்தில் அதுதான் மிக நடைமுறையானதும்கூட. மின்னஞ்சல் மேலாளருக்குப் போகும். திரையில் தோன்றும் கட்டம் திரை முன் அமர்பவருக்குத் தெரியும். லைனில் நிற்பவருக்கு இரண்டுமே இல்லை. அவர் பார்ப்பது அந்த மென்பொருளிலிருந்து அச்சாகி வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் தாளை. பகல் பத்து மணிக்கு வெளியான பதிப்பைப் பற்றி இரவு ஷிப்டுக்கு வருபவர் அறிவது ஷிப்ட் தொடக்கத்தில் நின்றபடி நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தில்தான், அதுவும் முந்தைய ஷிப்டின் லைன் லீடர் மறக்காமல் எழுதி வைத்துப் போயிருந்தால். எனவே ஒரு பீட்டாவை இந்தச் சாலையின் ஆலைகளில் விடுகிறவர், அச்சாகும் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் சோதனைப் பதிப்பில் எடுத்தது என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு வரி தானாகவே வரும்படி செய்ய வேண்டும். அதில் பதிப்பு எண், தேதி, சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பிரதி இருக்கும் இடம், கூப்பிட வேண்டிய உள் தொலைபேசி எண் இருக்க வேண்டும். அந்த வரியைச் சிவப்பில் அச்சடிக்க ஆலை பிரிண்டர்கள் பலவற்றில் வண்ண மை இருக்காது. பழைய ரப்பர் முத்திரை டாக்குமெண்ட் கண்ட்ரோல் மேசையின் இழுப்பறையில் இன்னும் கிடக்கும். சோதனை முடியும்வரை அதை எடுத்துக் குத்திக்கொள்ளலாம்.